தென்காசியில் நான் வரைந்த கை

ஈப்போவில் பெய்தால் அது மழை. குற்றாலத்தில் பெய்வதற்குப் பெயர் சாரல். அதில் தொப்பலாக நனைந்தவர்கூட நனைந்ததாக ஒத்துக்கொள்ள மாட்டார். தென்காசி ரயிலடியில் இறங்கி நான் குடையை விரித்ததும் ஆட்டோக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னக்கா, இதுக்குப் போயி கொட விரிக்கிய? வெளியூரா?”

வெளியூர்தான். பிறந்தது மதுரை, பிழைப்பது மலேசியாவின் ஈப்போவில். ஆனாலும் அந்தக் கேள்வி சுருக்கென்றது. “இல்ல அண்ணாச்சி, இந்த ஊர்தான்” என்றேன். “இந்த ஊர்னா எந்தத் தெரு?” என்று திரும்பிப் பார்த்துக் கேட்டார். நான் கோபுரத்தைப் பார்க்கிற சாக்கில் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் இந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவள் நான். ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். கைக்குழந்தைக்காரிகளை ஊர் ஊராகக் கூட்டி உட்கார வைத்து, பிள்ளைக்கு எப்போது எதை எப்படிக் கொடுப்பது என்று பேசுவதுதான் வேலை. பெற்றோர் வகுப்பு என்று பெயர். பிள்ளை மெலிந்தால் பார்த்தாலே தெரிந்துவிடும். வளர வேண்டிய உயரம் வளராமல் நின்றுபோவது மட்டும் தினமும் பார்க்கிற வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வயதுக்குள் அதைக் கண்டுபிடித்தால்தான் ஆயிற்று, அப்புறம் இழுத்துப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உயரத்தோடு போவது உயரம் மட்டும் இல்லை. தெம்பு, படிப்பு எல்லாம் கூடவே போகும்.

அந்த வகுப்புக்காக நான் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த பன்னிரண்டு அட்டைகள் பதினான்கு வருடம் கழித்தும் புழக்கத்தில் இருக்கின்றனவாம். அவற்றைப் புதிதாக அச்சடிக்கப் போகிறோம், நேரில் வந்து ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருக்கலாம். என் கணவரும் அதைத்தான் கேட்டார். உங்கள் ஓவியம் அச்சுக்குப் போகிறது என்று ஒருவர் சொன்ன பிறகு கடல் தாண்டாமல் இருக்க முடியுமா, என்ன.

குற்றாலத்து விடுதியில் பையை வைத்துவிட்டு முகம் கழுவுவதற்குள் செல்வி வந்துவிட்டாள். அந்த ஆறு வருடமும் என்னோடு கூட வேலை பார்த்தவள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். இன்றும் வகுப்பை நடத்துவது அவள்தான். அவளுடைய டி.வி.எஸ். வண்டியின் பின்னால் உட்கார்ந்து நான் பார்க்காத வயல்வரப்பு இந்த வட்டாரத்தில் கிடையாது. இப்போது ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கட்டிக்கொண்டாள், என் நெற்றியில் இடித்தது.

“ஏட்டி மீனா, என்ன இப்படி வெளுத்துப் போயிருக்க? அங்கன வெயிலே அடிக்காதோ?”

தூக்குச்சட்டியில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொண்டுவந்திருந்தாள். ஈப்போவில் நான் வாரம் ஒருமுறை உளுந்தஞ்சோறு வைக்கிறேன். உளுந்து அதே உளுந்து, தேங்காய் அங்கே இன்னும் நல்ல தேங்காய். ஆனால் என் மகள் அதைக் கறுப்புப் பொங்கல் என்று தள்ளி வைப்பாள். கட்டிலில் சம்மணம் போட்டு, சட்டிக்குள்ளேயே கை விட்டு, இருவரும் தின்று தீர்த்தோம். அந்த ஆறு வருடத்தில் எத்தனையோ மத்தியானம் இப்படித்தான் கழிந்தது. என் வாழ்க்கையில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். இதைக் கணவரிடம் சொன்னால் வருத்தப்படுவார் என்று சொன்னதில்லை.

சாப்பிட்ட கையைக் கழுவிய கையோடு செல்வி ஒரு நோட்டை எடுத்து விரித்தாள். குத்துக்கல்வலசை வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். மாதாமாதம் பலகையில் படுக்க வைத்து அளந்து, புள்ளி வைத்து, கோடு இழுத்திருந்தாள். எட்டுப் பிள்ளைகளின் கோடு ஏறிக்கொண்டே போனது. ஒன்பதாவது கோடு ஏழாம் மாதம் வரை ஏறி, அப்புறம் ஏறுவதற்கு மனமில்லாத மாதிரி நகர்ந்து, கடைசியில் படுத்துவிட்டது.

“பேரு மகாராஜன். இருவது மாசம். ஒரு வயசுப் பிள்ளைக்கு உள்ள நீளந்தான் இருக்கான். ஆஸ்பத்திரியில காட்டியாச்சு, பூச்சி மருந்து குடுத்தாச்சு, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, சாப்பாட்டப் பாருங்கன்னுட்டாவ. அவன் அம்மா முப்பிடாதி ஒரு வகுப்பு விடாம வருதா. சொன்னது அத்தனையும் கேக்குதா. பெறவும் வளர மாட்டேங்கான்.”

“என்ன சொல்றா?”

“ஒண்ணும் திங்க மாட்டேங்கான்ங்கா. அதத்தான் ஒம்பது பேரும் சொல்லுதாளுவளே.” நோட்டை மூடினாள். “ரெண்டு வயசுக்கு நாலு மாசந்தான் கெடக்கு. அட்டைய நீ எப்பம் வேணாலும் திருத்து. இவனுக்கு என்னன்னு மட்டும் பாத்துச் சொல்லிட்டுப் போ. எனக்குப் பிடிபட மாட்டேங்கு.”

மறுநாள் காலை ஸ்கூட்டரில் குத்துக்கல்வலசைக்குப் போனோம். முன்பு இந்த ரோட்டில் தென்காசி முடிந்து, வயல் வந்து, அப்புறம் ஊர் வரும். இப்போது எது முடிகிறது, எது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வழி நெடுக மாடி வீடுகளும் பிளாட் போட்ட கல்லும். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் “இங்க ஒரு கிணறு இருக்குமே” என்று சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது கிணற்றில் செல்வி, “ஏட்டி, நீ அட்ட திருத்த வந்தியா, கெணறு தேட வந்தியா?” என்றாள்.

வகுப்பு அங்கன்வாடிக் கட்டடத்தில். உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது என் அட்டைகளைத்தான். கொடிக்கயிற்றில் துணி கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வண்ணம் தீட்டியவை. முருங்கைக்கீரை, முட்டை, மசித்த பருப்புச் சோறு, தாய்ப்பால். ஒன்பதாவது அட்டை கை. இது பீடி சுற்றும் வட்டாரம். அநேகம் பெண்கள் வீட்டிலேயே சுளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்து நாளெல்லாம் சுற்றுவார்கள். புகையிலைத் தூள் படிந்த கையால் பிள்ளைக்கு ஊட்டக் கூடாது என்பதற்காகத் தூள் அப்பிய ஒரு கையை வரைந்து, அதன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தேன். பன்னிரண்டில் நன்றாக வந்தது அதுதான். நகக்கண்ணில் தூள் இருப்பதைக்கூட விட்டுவைக்கவில்லை. யாராவது “யார் வரைஞ்சது?” என்று கேட்பார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்பது தாய்மார் வட்டமாக உட்கார்ந்தார்கள். செல்வி வழக்கப்படி கேட்டாள், “நேத்து பிள்ளையளுக்கு என்ன குடுத்திய, எம்புட்டுத் தின்னுச்சு?”

“அத ஏங்க்கா கேக்கிய, ஒரு வாயி திங்கல” என்றாள் ஜெபா. அவள் மடியில் இருந்த மகன் இரண்டு கன்னமும் புடைத்து, தாடையில் சோற்றுப் பருக்கையோடு, எதையோ மென்றுகொண்டிருந்தான். அடுத்தவள் பிள்ளையும் ஒன்றும் தின்னவில்லை. அதற்கடுத்தவள் பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இப்படியே ஒன்பது பிள்ளைகளும் பட்டினி.

இது எனக்குப் புதிதில்லை. நாலு பேர் நடுவில் என் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று வாயைத் திறந்து சொல்லும் தாய் இந்தப் பக்கத்தில் பிறக்கவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும், பட்ட அன்றே பிள்ளை சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஈப்போ கிளினிக்கில் நர்ஸ் கேட்கும்போது நானும் பத்து வருடம் இதே பாட்டைத்தான் பாடினேன். அந்தச் சீன நர்ஸ் என் குண்டு மகளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொள்வார். ஆனால் எல்லோரும் தின்னவில்லை என்றால், உண்மையிலேயே தின்னாத பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

சட்டென்று ஒன்று தோன்றியது. “அது கிடக்கட்டும். நேத்து உங்க பிள்ளைங்க எதைத் துப்புச்சு, அதைச் சொல்லுங்க” என்றேன்.

மடை திறந்துவிட்டது. குறை சொல்வதற்குக் கண் படாது அல்லவா. “முட்டைய பூராத் துப்பிட்டான்க்கா, மஞ்சக்கரு மட்டும் உள்ள போச்சு.” “கீரையப் போட்டா நாக்க நீட்டி வழிச்சு விடுதா.” “மீன எடுத்து எஞ்சேலையிலயே துப்புதான்.” செல்வி என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தாள். துப்பியது எல்லாம் ஊட்டியதுதானே. முட்டை, கீரை, மீன் என்று அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனாள்.

முப்பிடாதி கடைசியில் இருந்தாள். ஒடிசலான பெண், இருபத்து நாலு, இருபத்தைந்து இருக்கலாம். மடியில் மகாராஜன் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தான். “இவன் எதையும் துப்ப மாட்டான்க்கா” என்றாள். “கையில குடுத்தா அதுபாட்டுக்குத் திம்பான்.”

“குடுத்து வச்சவட்டி நீ” என்றாள் ஜெபா. “ஒருநாளாச்சும் அழுது பாத்துருக்கமா இவன?”

பலகையில் படுக்க வைத்தபோது மற்ற எட்டும் ஊரைக் கூட்டின. மகாராஜன் மட்டும் காலை நீட்டவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அளவுகோல் போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. முப்பிடாதி எட்டிப் பார்த்து, “கூடியிருக்காக்கா?” என்று கேட்டாள். நான் செல்வியைப் பார்த்தேன். “அவங்கய்யாவும் கட்டதான், அதனால இருக்கும், இல்லியா?” என்று அவளே கேட்டு, அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பிக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் வகுப்பு இல்லை. விடிந்ததும் அருவிக்குப் போனேன். எண்ணெய் தேய்ப்பவர்களும் குரங்குகளும் அப்படியே இருக்கிறார்கள். அப்போதெல்லாம் சீசனில் நானும் செல்வியும் வேலைக்குப் போகும் முன்னால் ஒரு முழுக்குப் போட்டு, ஈரத் தலையோடு வகுப்பெடுப்போம். அந்த நினைப்பில் தலையைக் கொடுத்தேன். அருவி என்னை அடையாளம் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை. முதுகில் நாலு சாத்து சாத்தியது. ஐந்து நிமிடத்தில் போலீஸ்காரர் விசில் ஊதித் தண்ணீர் கூடுகிறது என்று எல்லோரையும் வெளியேற்றினார். பக்கத்தில் நின்ற பெண்மணி, “நாங்க சங்கரன்கோயில்லருந்து வந்துருக்கம், தல நனையலயே” என்று அவரிடம் சண்டை போட்டார். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவித்திருந்தார்கள். ஈப்போவில் பக்கத்து வீட்டு ரம்புத்தான் எங்கள் முற்றத்தில் விழுந்து அழுகும். கூட்டித் தள்ளுவது என் வேலை. இங்கே கடைக்காரரிடம் நல்லதாகப் பொறுக்கிக் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கி, நடைபாதையில் நின்றே தின்றேன். இதைவிட அதுதான் இனிப்பு என்று மனசாட்சி சொன்னது. அதைப் பேசவிடவில்லை.

ஊர்ப் பலகையைப் பார்க்காமல் ஓடிப் பிடித்த பஸ் தென்காசிக்குப் போகவில்லை. அது தெரிவதற்கு முன் நான் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது இரண்டு பக்கமும் லாரிகள். “புளியறை, புளியறை, எல்லாரும் எறங்கிக்கிடுங்க” என்றார் கண்டக்டர். செக்போஸ்ட். எதிரே மலை, அந்தப் பக்கம் கேரளா. திரும்பும் பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்றார்கள்.

பசி. ரோட்டோர ஓட்டலில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றச் சொன்னேன். எதிர் பெஞ்சில் ஒரு மலையாளக் குடும்பம். அப்பா லாரி ஓட்டுகிறவர் போலிருந்தது. அம்மா சோற்றையும் மீனையும் பிசைந்து, முள் பார்த்து, இரண்டு வயசுப் பையனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒவ்வொரு வாயையும் பாதி தின்று பாதி துப்பினான். அவள் துப்பியதை உள்ளங்கையில் பிடித்து, வழித்து, மறுபடி உருட்டினாள். “இதைத் தின்றால்தான் கை நீளும், கை நீண்டால்தான் அப்பாவின் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம்” என்று மலையாளத்தில் கொஞ்சினாள். அவன் தன் கையை நீட்டி அளந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.

நான் பரோட்டாவை அப்படியே விட்டுவிட்டேன். துப்புவதற்கு ஒரு பிள்ளைக்கு முதலில் ஊட்டுகிற கை வேண்டும். கையில் கொடுத்தால் தின்பான் என்று முப்பிடாதி சொன்னாளே. கையில் பருப்புச் சோற்றையா கொடுக்க முடியும்? ரஸ்க்கைக் கொடுக்கலாம், பன்னைக் கொடுக்கலாம். அப்படியென்றால் அந்தப் பிள்ளைக்கு யார்தான் ஊட்டுகிறார்கள்?

செல்விக்குப் போன் போட்டேன். “ரொம்ப முக்கியம். நாளைக்குக் காலையில அவ வீட்டுக்குப் போறோம்” என்றேன். “சரி, இப்பம் எங்கன நிக்க?” என்றாள். புளியறை என்றேன். “குளிக்கப் போனவ கேரளாவுக்கு ஏன் போன?”

நாலாம் நாள். மறுநாள் காலை எனக்கு ரயில். முப்பிடாதி வீடு ஒரு அறையும் முன்னால் தகரம் இறக்கிய தாழ்வாரமும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சுளகில் வெட்டிய இலை, தூள், நூல். விரல் போகிற வேகத்தில் பார்வை நிற்கவில்லை. பக்கத்திலேயே மகாராஜன், கையில் ஒரு ரஸ்க். அதை டம்ளர் டீயில் முக்கி முக்கிச் சப்பிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முப்பிடாதி சுளகை இறக்கிவிட்டுப் பாய் விரித்தாள்.

“காலையில பிள்ளைக்கு என்ன கொடுத்தே?” என்று கேட்டேன்.

“பன்னு குடுத்தேன்க்கா. இப்பம் ரஸ்க்கு. மத்தியானம் சோறு வடிச்சுத் தட்டுல வப்பேன், நாலு பருக்கையப் பெறக்குவான், மிச்சத்த எறச்சிப் போடுவான். சாயங்காலம் சுத்துன பீடியக் கடையில போட்டுட்டு வந்து, குளிச்சிட்டு, நல்லாப் பெசஞ்சு ஊட்டுவேன். அதுக்குள்ள பாதித் தூக்கம் வந்துரும் இவனுக்கு.”

“மத்தியானம் நீயே பிசைஞ்சு ஊட்டினா என்ன?”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பாடம் தெரியாதவள் டீச்சராக வந்துவிட்டாளே என்பது போல. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். நகக்கண் முழுக்கத் தூள்.

“தூள் கைக்கா. ஊட்டப்படாதுன்னு படத்துல போட்ருக்கும்லா, செவப்புல பெருக்கல் போட்ட கை. அதப் பாத்த நாள்லருந்து பகல்ல இவன் சோத்துல நான் கைய வைக்கதே கெடையாது. ஒருநாள்கூடத் தப்புனது இல்ல, செல்வி டீச்சர்ட்ட கேளுங்க.”

பாராட்டுவேன் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னாள். செல்வி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

“கழுவிட்டு ஊட்டலாமே, முப்பிடாதி.”

“கழுவுனாலும் மணம் போவ மாட்டேங்குக்கா. போவுதோ என்னமோ, யாருக்குத் தெரியும்? கழுவுன கைக்குப் படம் இல்லயே.”

“ஸ்பூன்?”

“மருந்துன்னு நெனச்சி வாய இறுக்கிக்கிடுதான்.”

பதினான்கு வருடத்துக்கு முன்னால் அந்த அட்டையை வரைந்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செல்வி வீட்டு மொட்டைமாடி. பெருக்கல் குறி போட்டு முடித்ததும் இருவரும் கை தட்டினோம். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவு, நகத்தைச் சுத்தம் பண்ணு, அப்புறம் ஊட்டு என்று அடுத்த அட்டை வரைய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது யாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அப்போதெல்லாம் வீட்டில் வேறு யாராவது ஊட்டியிருப்பார்கள். முப்பிடாதியின் புருஷன் புனலூரில் கட்டட வேலைக்குப் போனவன், வாரம் ஒருமுறை வருகிறான். பகலில் இந்தப் பிள்ளைக்கு இருப்பது இவளுடைய இரண்டு கை. அதில்தான் நான் சிவப்பில் பெருக்கல் போட்டிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். நாளைக்கு ரயில், அட்டையைத் திருத்திக் கொடுத்தால் வேலை முடிந்தது, யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த ஆறு வருடத்தை என் நல்ல காலம் என்று இத்தனை நாள் பொத்தி வைத்திருந்தேன். அதிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று நான் நினைக்கவில்லை.

“அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான்” என்றேன். “தப்பா வரைஞ்சுட்டேன். தூள் கையால ஊட்டக் கூடாதுங்கறது சரி. கழுவின கையால கட்டாயம் ஊட்டணும். அதை நான் வரையலை.”

முப்பிடாதி தன் கையைப் பார்த்தாள். அப்புறம் மகனைப் பார்த்தாள்.

“அப்பம் ஒரு வருசமா…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். “பருக்கைய அள்ளத் தெரியாம தரையத் தடவிக்கிட்டு இருப்பான்க்கா. எடுத்து ஊட்டிருவமான்னு எனக்குக் கை பரபரன்னு வரும். தூள் கையின்னு முந்தானிக்குள்ள விட்டுக்கிடுவேன். ஒரு படம் கூட வரஞ்சிருக்கப்படாதா? ஒரே ஒரு படம்?”

செல்வி, “என் தப்புந்தான் முப்பிடாதி, நான்லா பாடம் எடுத்தேன்” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிடு என்றேன். அதைச் சொல்லும்போது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் மன்னிக்கவில்லை. எழுந்து சுளகை எடுத்துச் சுவர் ஓரம் சாய்த்தாள்.

“அது கெடக்கட்டும். எம்புட்டு நேரம் கழுவணும்? அதச் சொல்லுங்க.”

வாசல் குழாயடியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சோப்பு, பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு பாதி எலுமிச்சம்பழம். நகக்கண்ணை நான் தேய்த்தேன். முதலில் காபித் தண்ணீர் மாதிரி வந்தது, அப்புறம் வெளுத்தது, அப்புறம் வெறும் நுரை. ஒவ்வொரு தடவையும் முப்பிடாதி மோந்து பார்த்து, “இன்னொரு மட்டம்” என்றாள். நாலாவது தடவை என் மூக்கில் கொண்டுவந்து வைத்தாள். எலுமிச்சை மணம்தான் இருந்தது. செல்வி அதற்குள் ஜெபா வீட்டுக்கு ஓடி, பருப்பும் அவித்த முட்டையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். எதற்கு, ஏன் என்று கேட்டுக்கொண்டே ஜெபாவும் பின்னால் வந்தாள். செல்வி உதட்டில் விரல் வைத்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சோற்றில் பருப்பை ஊற்றி, முட்டையை உதிர்த்துப் போட்டு, முப்பிடாதி பிசைந்தாள். அவசரப்படவில்லை. சின்னதாக ஒரு உருண்டை உருட்டி அவன் வாய்க்கு நேராக நீட்டினாள்.

மகாராஜன் ரஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, வலது உள்ளங்கையை விரித்து நீட்டினான். எது வந்தாலும் கையில்தான் வரும் என்று அவனுக்குப் பழக்கம்.

“கையில இல்லலே” என்றாள் முப்பிடாதி. “வாயில. அம்மா ஊட்டுதேன்லா, வாயத் தொற.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உருண்டையைப் பார்த்தான். உள்ளங்கையை மடக்கவில்லை. முப்பிடாதியும் கையை எடுக்கவில்லை; பருப்புத் தண்ணீர் அவள் மணிக்கட்டுக்கு வழிந்தது. அப்புறம் அவன் கொஞ்சமாக, சந்தேகத்தோடு வாயைத் திறந்தான். அவள் வைத்தாள். அவன் மென்று விழுங்கினான்.

இரண்டாவது உருண்டையை அவள் உருட்டுவதற்குள், அவன் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துத் தன் வாய்க்கு இழுத்தான்.